அலமாரிக் காலுக்கடியில் கிடந்த கதை

தர்ஷினி அப்பாவுக்கு,

தோட்டத்தில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, எழுப்பவில்லை. ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். நேற்றுக் கோபத்தில் சாப்பிடாமல் படுத்தீர்களே, இப்போதாவது சாப்பிடுங்கள்.

கல்யாணமான புதிதில் ஹட்டனிலிருந்து நீங்கள் எனக்கு வாங்கி வந்த மர்ம நாவலைப் படிக்காமலே அலமாரிக் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தேன் அல்லவா? போன வாரம் கூட்டும்போது எடுத்தேன், இன்று விடியுமுன் முடித்தேன். தனி வீடொன்றின் கதவை யாரோ தினமும் தட்டிவிட்டு ஓடுகிறார்கள். கொலைகாரன்தான் என்று நடுங்கிப்போனேன். கடைசியில் பார்த்தால், "யாரு?" என்று ஒரு குரல் கேட்பதைக் காதில் வாங்கவே தட்டுகிற ஒண்டிக்கட்டை.

உடனே பக்கத்துக் காம்பராவில் தனியாக இருக்கிற ராக்கம்மா அக்காதான் நினைவுக்கு வந்தார். சாயங்காலமானால் சுவரைத் தட்டி, "நெருப்புப்பெட்டி இருக்கா தங்கச்சி?" என்பார். நேற்று நான், "கடையில வாங்கத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன். நீங்கள் என்னைத் திட்டியது சரிதான்.

விடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே தட்டில் நாம் கொடுத்த நெருப்புப்பெட்டிகள், பதினொன்றும் பிரிக்காமல் அடுக்கியபடி இருந்தன.

புத்தகத்துக்கு நன்றி. சொல்ல ஏழு வருஷமாகிவிட்டது.

பவானி

அலமாரி ஆடும், பார்த்துத் திறவுங்கள். பலகைத் துண்டுதான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நம் வீட்டு நெருப்புப்பெட்டியை வேண்டுமென்றே எடுத்துப்போகிறேன். தேத்தண்ணி வேண்டுமென்றால் சுவரைத் தட்டி அக்காவிடம் கேளுங்கள்.