மிளகாய் போடாத கறி

12 ஜூலை 1957, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடத்தில் பதினாறு பிள்ளைகள்தான். ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன்.

மத்தியானம் தோட்டத்து ஆபீஸ் கிளார்க் வாசலில் நின்றபடியே சொல்லிப் போனார். இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணைக்கு அதிகாரி திங்கட்கிழமை வருகிறாராம். தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் இந்த லயத்துக்கே வந்து வீடு வீடாகக் கேட்பாராம்.

திங்கள் அம்மாவின் முதல் வருஷத் திதி.

விண்ணப்பத்தில் அப்பா எழுதிக் கொடுத்தது: தாய் மாரியாயி, பிறந்தது இதே தோட்டம். அத்தனையும் பொய். அம்மா பெயர் ரோசா. மணிலாக்காரி. சிங்கப்பூர் ஹோட்டலில் பேண்டு வாசித்தவரின் மகள். அங்கே துரைக்குக் கார் ஓட்டிய அப்பா அவளைக் கட்டிக்கொண்டார். துரை இலங்கைக்கு, இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மாறி வந்தபோது, அப்பா அம்மாவையும் கூட்டி வந்துவிட்டார். பொய் தெரிந்தால் எங்கள் இரண்டு பேர் விண்ணப்பமும் போச்சு. இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் இந்தியாவைப் பார்த்தது பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில்தான்.

இந்த நோட்டை இனி அரிசிப் பானைக்குள் வைக்க வேண்டும்.

13, சனி

அட்டன் போய் வந்தேன். பஸ்ஸில் நசுங்கல். வாங்கியது: வினாகிரி என்கிற புளிக்காடி ஒரு போத்தல், வெள்ளைப்பூண்டு, மிளகு, கறுவாப்பட்டை இலை, ஒரு லாம்புக் கண்ணாடி. கோழி, வீட்டில் வளர்த்தது.

அம்மா தன் ஊர்க் கோழிக்கறியை 'அதோபோ' என்பாள். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை. வினாகிரி ஊற்றினால் கொதி வரும்வரை கரண்டி போடக் கூடாது. போட்டால் கையில் ஒரு அடி. சாகும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று, திதிக்கு இந்தக் கறி.

அப்பா போத்தலைப் பார்த்துவிட்டார்.

"இந்த வருசம் பருப்பும் சோறும் போதும் புள்ள. வாசம் லயம் பூரா அடிக்கும்."

"அம்மா வேற என்னாப்பா கேட்டாங்க?"

எழுந்து வெளியே போய்விட்டார், மழையில். பொய் எழுதியவர் அவர். நடுங்குவது நான். கோபமாக வந்தது.

14, ஞாயிறு

தூக்கம் இல்லை. எந்தச் சத்தமும் அதிகாரியின் ஜீப் சத்தமாகவே கேட்கிறது.

பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்லம்மா அக்காதான் எங்களுக்குச் சாட்சி. பழைய ஆள். எல்லாம் தெரியும்.

"உங்கம்மா எந்த ஊருன்னு கேட்டா இந்தத் தோட்டந்தான்னு அடிச்சுச் சொல்லிருவேன். அந்தக் கறிதான் எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு கரண்டி மிளகாத்தூள் போட்டுரு, நம்ம கறி ஆயிரும்."

சரிதான். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. ஏன் சொன்னாள் என்றும் இருந்தது.

15, திங்கள்

லீவு. தலைக்குக் குளித்து அடுப்பு மூட்டினேன். ஈர விறகு, ஒரே புகை. படையலுக்கு வைப்பதை ருசி பார்க்கக் கூடாது. உப்பெல்லாம் கண் மட்டம்தான்.

கொதி வந்தது. மிளகாய்த்தூளைக் கரண்டியில் அள்ளிவிட்டேன். சட்டிக்கு மேல் கை. அம்மா போட்டோ எதிரே. எவ்வளவு நேரம் நின்றேனோ. தூளைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டினேன்.

விளக்கேற்றி, இலை போட்டு, கும்பிட்டு எழுகிறோம், வாசலில் குடை. அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர், தடித்த கண்ணாடி, கையில் ஃபைல்.

திதி அன்று படி ஏறியவரைச் சாப்பிடாமல் அனுப்புவது எங்கள் வீட்டில் இல்லை. அப்பா வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது: "வாங்கய்யா, படையல் சோறு, ஒரு வாய் சாப்டுட்டு..." சொன்ன பிறகுதான் உறைத்தது. முகம் வெளுத்துப்போனார்.

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் பரிமாறினேன். ஒரு வாய் தின்றார், நிறுத்தினார்.

"கறிக்கு மிளகாய் போடேல்லையோ?"

செல்லம்மா அக்கா வாசலிலிருந்தே, "செத்தவங்களுக்கு வயித்துப்புண்ணுங்க. காரம் ஆகாது."

அதிகாரி இன்னும் கொஞ்சம் கறி கேட்டார். கை கழுவி ஃபைலைத் திறந்தார். தாய் பிறந்த இடம்? இங்கதாங்க என்றார் அப்பா. இங்கதாங்க என்றாள் அக்கா. ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் எழுதுவார்களா?

படி இறங்கும்போது குடையை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி:

"நான் சிங்கப்பூரில ஏழு வருசம் வேலை செய்தனான், பிள்ளை. உந்தக் கறி அங்கதான் சாப்பிட்டனான்."

போய்விட்டார். சிரித்தாரா? கண்ணாடியில் மழைத் தண்ணீர், தெரியவில்லை.

16, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் போனேன், ஏழாம் வாய்ப்பாட்டை நானே தப்பாகச் சொன்னேன்.

"குடை வாங்கையில என்னா சொன்னாரு?" அப்பா மூன்று தடவை கேட்டாயிற்று. சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னாரு என்றேன். அதற்குப் பிறகுதான் பீடி பற்ற வைத்தார்.

நேற்று நான் சாப்பிடவில்லை. இப்போதுதான் சட்டியில் மிச்சம் இருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தேன். உப்பு, புளிப்பு, பூண்டு எல்லாம் அம்மா கை. இம்மி பிசகவில்லை. அதிகாரிக்கு அடையாளம் தெரியாதபடி கொஞ்சமாவது கை தப்பியிருக்கக் கூடாதா.