சர்வீஸ் போட்டவளும் அடி வாங்கியவளும்

அன்புள்ள வெட்டுக்கிளிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் மகளும் சுகம்தானே? உன் கடிதம் கிடைத்தது. மகளை நம் மாஸ்டரிடம் பாட்மிண்டனுக்குச் சேர்க்கப்போகிறாய், நானும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அடிப்பாவி! எந்த மனசோடு எழுதினாய்?

சொல்லி வைத்துவிட்டேன். வாயால் இல்லை.

ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் கடையில்தான் எனக்கு வேலை என்பது உனக்குத் தெரியும். உன் கடிதம் வந்த மறுநாள், கட்டி முடித்த ஆறு ராக்கெட்டுகளைக் கொடுக்க அவருடைய அரங்கத்துக்குப் போனேன். பன்னிரண்டு வயதுப் பெண்கள் இரண்டு பேர் ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். குட்டையானவள் சர்வீஸை நெட்டில் போட்டாள். மாஸ்டர் நெட்டையானவளைக் கூப்பிட்டு, "கையை நீட்டு" என்றார். மனிதர் மாறவே இல்லை. ஒருத்தி தப்பு செய்தால் அவள் ஜோடிக்கு அடி. "அவளை அடிச்சாதான்டி உனக்குப் புத்தி வரும்" என்று என்னை அடிக்கும்போது உன்னிடம் சொல்வாரே, அதே சட்டம். ராக்கெட் கைப்பிடியால் விரல் முட்டியில் மூன்று அடி. மூன்றாவதில் தோல் பிளந்து ரத்தம் தரையில் சொட்டியது. குட்டைப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். நீ நிற்பாயே, அப்படி.

எனக்கு அந்த வெறி எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஒரு ராக்கெட்டை உருவி அவர் மணிக்கட்டில் போட்டேன். ராக்கெட்தான் வளைந்தது. இன்னொன்றை எடுத்தேன். இந்த முறை எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. தரையில் உருண்டு, "அம்மா, அம்மா" என்று அலறினார். அவருக்கும் ஒரு அம்மா உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், மூன்றாவதற்கும் ஓங்கினேன். தலைக்குத்தான் ஓங்கினேன். நெட்டைப் பெண்தான் ரத்தக் கையோடு என் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள்.

இப்போது என் மேல் கேஸ். வேலையும் போய்விட்டது. அவர் எந்தப் பிள்ளையையும் தொட்டதே இல்லையாம். நெட்டைப் பெண்ணின் அப்பாவே ஸ்டேஷனில், "அவ கீழ விழுந்துட்டா சார், நல்ல கோச்சைக் கெடுத்துடாதீங்க" என்று கெஞ்சினார். குட்டைப் பெண்ணும் அதையே சொன்னாள். என் வக்கீலோ, "வயித்தெரிச்சல்ல அடிச்சீங்கன்னு சொல்லிடுவாங்கம்மா. முன்னாடியும் அவர் அடிச்சதை நேர்ல பார்த்தவங்க யாராவது வேணும்" என்கிறார்.

பார்த்தவள் நீ இருக்கிறாய். தேசிய இறுதி ஆட்டத்தில் உன் கடைசி சர்வீஸ் நெட்டில் விழுந்தது. உடை மாற்றும் அறையில் உன் கண் முன்னால்தான் அவர் என் மணிக்கட்டை உடைத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்று முந்திக்கொண்டவளும் நீதான். பதினேழு வயது, பயந்துவிட்டாய். உன் மேல் கோபமே இல்லை என்று இருபது வருடமாக எழுதி வந்தேன். பொய். நீ வேறு ஜோடியோடு கோப்பையைத் தூக்கிய படத்தைப் பேப்பரில் பார்த்து, கட்டுப்போட்ட கையைச் சுவரில் அடித்து அழுதேன்.

பதினான்காம் தேதி விசாரணை. நான் செய்தது சரி என்று நீ சொல்ல வேண்டாம். எனக்குத் தண்டனை கிடைத்தால் கிடைக்கட்டும். கட்டுப் பிரித்ததும் அவர் மறுபடியும் பிள்ளைகளிடம் போய்விடுவார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வந்து நடந்ததைச் சொல்லடி.

உன் மகள் எந்தக் கையால் ஆடுகிறாள் என்று நீ எழுதவே இல்லை. இரண்டு கையும் நூறு வயது வரை நன்றாக இருக்கட்டும்.

உன் பழைய ஜோடி,
ஒட்டடைக்குச்சி