பதினோராவது இடம்

அன்புள்ள அப்பாவுக்கும், தடுப்பு முகாமில் இதை முதலில் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும்,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: போன தவணை இருபத்தொன்பதாவதாக வந்த உங்கள் மகன், இந்தத் தவணை வகுப்பில் பதினோராவதாக வந்திருக்கிறான்! பள்ளிக்கூடமே கலங்கிப்போயிருக்கிறது.

ரிப்போர்ட் கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கணக்குக்கு நேரே சிவப்பு மை தெரியும். வாத்தியாரின் பேனா கசிந்திருக்கலாம். தகப்பனார் கையெழுத்து வேண்டுமாம்.

"ஏண்டா, போன தடவ மாதிரி நீயே போட்டுக்க வேண்டியதுதானே?" என்றார் அம்மா.

"அப்பா எழுத்து மறந்துபோச்சும்மா."

அம்மா அடுப்பு ஊதப் போய்விட்டார். உங்கள் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது.

அப்பா, ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களை, காட்டுப் போராளிகளுக்குச் சோறு போகக்கூடாதென்று, அரசாங்கம் குடும்பத்தோடு முள்வேலிக் குடியிருப்புகளுக்கு மாற்றிவிட்டது. வகுப்பில் இப்போது பன்னிரண்டு பேர்தான். உங்கள் கையெழுத்தையும் நான் மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். ஆனால் நான் போட்டால், நீங்கள் நன்றாக இருப்பதாக அம்மா நம்பமாட்டார்.

நானும்தான். கார்டு திரும்பி வரட்டும்.

இப்படிக்கு,
பன்னிரண்டு பேரில் பதினோராவதாக வந்த
உங்கள் மகன்