இரண்டு என்று சொன்ன அம்மாவுக்கு

என் ராசாத்தி அம்மாவுக்கு,

ஆமாம், எல்லாக் கேள்விக்கும் நானேதான் பதில் போட்டேன். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. யாரும் மிரட்டவில்லை. மேலாளரும் இதையேதான் கேட்டார். "நீங்களே போட்ட பதில்தானே வெண்ணிலா? அப்புறம் ரிப்போர்ட் எப்படித் தப்பாகும்?"

நீ போய்ப் பதினான்கு மாதம். முதலிலிருந்து சொல்கிறேன்.

அலுவலகம் அதேதான். தஞ்சாவூரில் அதே மாடி, அதே ஓடாத மின்விசிறி. நடவு மிஷின்களை வாடகைக்கு அனுப்பும் அதே கம்பெனி. நீ ஆள் கூட்டிக்கொண்டு போய் இடுப்பொடிய நட்ட வயல்களுக்கு நான் போனில் மிஷின் அனுப்புகிறேன். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. "நல்லதாப் போச்சு, எங்க இடுப்பு தப்பிச்சுது" என்று சொன்னவள் நீ.

இந்தக் குறுவைக்கு ஒரு புதிய பதவி உண்டாக்கியிருக்கிறார்கள். பதினாறு மிஷின்கள், அவற்றை ஓட்டுகிறவர்கள், எந்த ஊருக்கு எந்த நாளில் எது போவது என்பது. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் பொறுப்பு. போன இரண்டு பருவமும் அந்த வேலையை நான்தான் பார்த்தேன். பெயர் இல்லாமல் பார்த்தேன். இப்போது வேலைக்குப் பெயர் வைக்கிறார்கள். வைப்பதற்கு முன்னால் ஒரு பரீட்சை.

ஆளுமைப் பரீட்சை. படிக்க ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு வரி வரும், கீழே ஐந்து வட்டம். அந்த வரி உனக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் தொட வேண்டும். நூற்றைம்பது வரிகள். நான் ஒன்றரை மணி நேரம் யோசித்து யோசித்துத் தொட்டேன்.

முடிவு வந்தது. உன் மகளின் ஐந்து பலங்களைக் கேட்டுக்கொள். பணிவு. பொறுமை. ஒத்துழைப்பு. நன்றியுணர்வு. நேர்மை. "உங்களுடன் இருப்பவர்கள் நிழலில் இருப்பதுபோல் உணர்வார்கள்" என்று கீழே ஒரு வரி. கம்ப்யூட்டருக்கு நிழலைப் பற்றி என்ன தெரியும்? சித்திரை வெயிலில் நின்றிருக்கிறதா?

எனக்குப் பொறுமையே கிடையாது என்பது உனக்குத் தெரியும். சோறு கொதிக்கும் முன் மூன்று தடவை மூடியைத் திறப்பேன் என்று திட்டியிருக்கிறாய். பேசாமல் இருக்கப் பழகிவிட்டேன், அவ்வளவுதான். அதைப் பொறுமை என்று வண்ணத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

கடைசி இடம் தலைமைக்கு. பலங்களை ஒரு வட்டமாக வரைந்து துண்டு போட்டிருந்தார்கள். தலைமையின் துண்டு தேங்காய்க் கீற்றைவிட ஒல்லி.

"உங்க பலம் சப்போர்ட் பண்றதுலதான் இருக்கு. பிரசன்னா லீட் பண்ணட்டும். நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கங்க" என்றார் மேலாளர். நல்ல மனிதர். நல்லது செய்வதாகவே நினைத்துச் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

பிரசன்னா என்னோடு வேலை செய்கிறவன், ஒரு வருடம் இளையவன். அவனைத் திட்டவும் முடியவில்லை. போண்டா வாங்கினால் எனக்கு ஒன்று எடுத்துவைப்பான். அவன் எப்படிப் பதில் போட்டான் என்று டீக்கடையில் கேட்டேன்.

"எல்லாத்துக்கும் அஞ்சுங்க. பத்து நிமிஷத்துல முடிச்சிட்டேன்."

"'நான் சில சமயம் பொய் சொல்வேன்'னு ஒண்ணு வந்துச்சே?"

"அதுக்கும் அஞ்சு."

போன மாதம் இவன் ஒரே மிஷினை ஒரே நாளில் திருக்காட்டுப்பள்ளிக்கும் சீர்காழிக்கும் போட்டுவைத்திருந்தான். ஒன்று தஞ்சாவூருக்கு மேற்கே, ஒன்று கிழக்கே கடற்கரைப் பக்கம். கேட்டால், "மேப்புல பக்கத்துல தெரிஞ்சுதுங்க" என்றான். நான்தான் இரண்டு வயல்காரர்களிடமும் பேசி மாற்றினேன். ரிப்போர்ட்டில் அது ஒத்துழைப்பு என்ற துண்டில் சேர்ந்திருக்கும்.

ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு பொத்தான். ஏற்கிறேன். ஏற்கவில்லை. இன்று செவ்வாய். ஐந்து மணிக்குள் அழுத்த வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணம் எழுத வேண்டும். இதுவரை யாரும் அதை அழுத்தவில்லையாம். ஏற்றுக்கொண்டால் பதவி பிரசன்னாவுக்கு, வேலை எனக்கு.

எங்கே தப்புச் செய்தேன் என்று பதில்களைத் திரும்பப் பார்த்தேன். ஒரு வரி. "ஒரு குழுவை என்னால் நடத்த முடியும்." அதற்குக் கீழே நான் தொட்டிருந்தது இரண்டு.

பொய் சொல்லவில்லை அம்மா. தன்னடக்கமும் இல்லை. நம் வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள். அவ்வளவுதான். உன்னிடமிருந்து வந்தது.

பள்ளி விடுமுறையில் தூக்குவாளியோடு வரப்பில் உட்கார்ந்திருப்பேன். வயல்காரர் வருவார். "என்ன ராசாத்தி, மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவீங்களா?" நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தபடியே சொல்வாய். "பாப்போம்ங்க. சாயங்காலம் ஆயிரும்ங்க." மூன்று மணிக்குக் கடைசி நாற்றும் நட்டாகிவிடும். மத்தியானம் என்று ஒத்துக்கொண்டிருந்தால் அந்த மூலை வயலையும் சேர்த்து நடச் சொல்லியிருப்பார், அதே கூலிக்கு. எத்தனை பேர் வருவீர்கள் என்றால் பத்து என்பாய். பன்னிரண்டு பேர் இறங்குவீர்கள். முடியும் என்ற சொல்லை உன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

அது உங்கள் இடுப்பைக் காப்பாற்றியது. சரி. அதை ஏன் அம்மா எனக்கும் கொடுத்தாய்? நம் பேச்சில் எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று உன் வயல்காரருக்குத் தெரியும். நீ சாயங்காலம் என்றால் அவர் மூன்று மணிக்கே வந்து நிற்பார். கம்ப்யூட்டர் கூட்டிக்கொள்ளாது. இரண்டு என்றால் அதற்கு இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். உன்னோடு இருபது வருடம் நட்ட சரோஜா சித்தி வீட்டுக்கு. டிவி ஓடிக்கொண்டிருந்தது. சித்தி முட்டியில் ஏதோ தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேள்விகளை அதனிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஏன் என்று கேட்காதே.

"சித்தி, 'எடுத்த வேலையை முடிப்பேன்.' ஒண்ணுலேந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு?"

"யாரு, நானா?"

"ஆமா."

"பாதியில போட்டுட்டு வர நான் என்ன ஒங்க சித்தப்பனா?"

"அப்ப அஞ்சா?"

"அஞ்சுன்னா கண்ணு பட்டுரும். மூணு போடு."

"'மத்தவங்க என் பேச்சக் கேப்பாங்க.'"

"அந்த மனுசன் கேக்க மாட்டாரு."

"சித்தப்பாவ விடுங்க."

"அவர விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"அப்ப எவ்வளவு?"

"ரெண்டு."

"ஏன் சித்தி ரெண்டு? இப்பதான எல்லாரும் கேப்பாங்கன்னீங்க?"

"கேப்பாங்கதான். அத நாமளே சொல்லிக்கிட்டா நல்லாவாடி இருக்கு?"

ரெண்டு. அந்த எண்ணைக் கேட்டதும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

நினைவிருக்கிறதா அம்மா? உனக்கு எங்கே நினைவிருக்கும். எனக்குத்தான் இருக்கிறது. டாக்டர் உன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஒண்ணுலேந்து பத்துக்குள்ள சொல்லுங்கம்மா. வலி எவ்வளவு இருக்கு?" நீ மேலே ஓடும் விசிறியைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டதுபோல் இருந்தாய். "ரெண்டு இருக்கும்ங்க."

"தூக்கம் வருதா?"

"வருதுங்க."

பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள் நான். தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பாய். நான் வாயைத் திறக்கப் போனேன். மேசைக்கு அடியில் என் கையைக் கிள்ளினாய். நான் பேசவில்லை. எம்.எஸ்ஸி. படித்தவள், அளவீடு பற்றி ஒரு தாளே எழுதித் தேறியவள், பேசவில்லை. சொன்னதைத்தான் அவர் எழுத முடியும். இரண்டு என்று எழுதினார். மாத்திரை கொடுத்தார்.

அடுத்த முறை உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது யாரும் எண் கேட்கவில்லை.

யாரிடமிருந்து தப்பித்துக்கொள்ளப் பார்த்தாய்? அவர் என்ன உன்னை இன்னொரு மூலை நடச் சொல்லியா கேட்டார்? பதினான்கு மாதமாக இதை உன்னிடம் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். கேட்டால் முந்தானையைச் செருகிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாய்.

சித்தி நொண்டி நொண்டி வாசலுக்கு வந்தது. நான் அழுவதாக நினைத்திருக்கும். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்கம்மா நெனப்பா?"

"அவங்களும் எல்லாத்துக்கும் ரெண்டுதான் போட்டிருப்பாங்க, இல்ல சித்தி?"

"அவளா? கரையில கேட்டா ரெண்டும்பா. வயலுக்குள்ள கேட்டுப் பாத்திருக்கணும் நீ. எங்க உசிர எடுத்துருவா."

"அம்மாவா?"

"பின்ன? 'சரோசா, நீ அந்தக் கடைசிக்குப் போ. ஏய் மல்லிகா, நீ நடுவுல நில்லு'ன்னு. நின்ன எடத்துலேந்து ஒரு அடி நவுந்தா கத்துவா. மல்லிகா கை மெதுவு, ஆமையாட்டம் நடுவா. அவள எனக்கும் செல்விக்கும் நடுவுல போட்டுருவா. ரெண்டு பக்கமும் நாங்க அவ வரிசையையும் சேத்து நட்டுக்கிட்டே வரணும். கேட்டா, 'மெதுவா நடுறவள ஓரத்துல விட்டா வரிசையே கோணிரும்டி. நான் சொல்றேன்ல, செய்யி'ம்பா. புள்ளத்தாச்சி வந்தா கரையோரம். யார எங்க நிறுத்தணும்னு அவதான் சொல்லுவா, வேற ஒருத்தி வாயத் தொறக்கக் கூடாது. அம்புட்டு அதிகாரம்." சித்தியின் குரலில் இன்னும் கோபம் இருந்தது. இருபது வருடக் கோபம்.

நான் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தவள். வயல்காரரிடம் நீ சொன்னது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

திரும்பி வரும் பேருந்தில், போன குறுவைக்கு நான் போட்ட பட்டியலை போனில் எடுத்துப் பார்த்தேன். புதிதாக ஓட்ட வந்த மூன்று பேர். அவர்களில் ஒருவரையும் நான் தனி ஊருக்கு அனுப்பியிருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கத்து ஊர்களிலும் பழைய கைகள். மிஷின் சேற்றில் சிக்கினால் கால் மணி நேரத்தில் ஒருவர் வந்துவிட முடியும். சம்பாவிலும் அப்படியே. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அப்படித்தான் போட வேண்டும் என்று தோன்றியது, போட்டேன். ஒரு நாள்கூட ஒரு வயலும் காத்திருக்கவில்லை.

அது என்ன பலம் அம்மா? நூற்றைம்பது வரியில் அது எந்த வரி? மெதுவான கையை எங்கே நிறுத்துவது என்று அதில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் இரண்டுதான் தொட்டிருப்பேன். அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. கிள்ளிய இடம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒன்று. இனி யாராவது எண் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். கரையில் நின்று கேட்டாலும், வயலில் நின்று கேட்டாலும் ஒரே எண். வரும் சனிக்கிழமை சித்தியை முட்டி காட்ட அழைத்துப் போகிறேன். டாக்டர் கேட்கும்போது அது எவ்வளவு வேண்டுமானாலும் கிள்ளட்டும். நான் பேசுவேன்.

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். "அடக்கமா இருடி" என்பாய். போ அம்மா. நீயே அடங்கியவள் இல்லையாமே.

இப்படிக்கு,
பக்கத்துப் பாயில் படுத்திருந்த உன் மகள்,
வெண்ணிலா

நாலு நாற்பதுக்கு "ஏற்கவில்லை" பொத்தானை அழுத்தினேன். காரணம் கேட்ட பெட்டியில், இரண்டு பருவங்களின் பட்டியலையும் ஊர் ஊராகத் தட்டச்சு செய்தேன். கடைசி வரியாக, "இந்தக் குழுவை என்னால் நடத்த முடியும். ஐந்து" என்று எழுதி அனுப்பினேன். பிறகு சீர்காழிக்கு நாளைய மிஷினைப் போட்டேன்.