நாலு தையலும் ஒரு பூட்டும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகம்தானே? மூட்டுவலி மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா? இங்கே நாங்கள் இருவரும் நலம், என் முழங்கையில் நாலு தையலைத் தவிர. பதறாதீர்கள்.

ஞாயிறுதோறும் உங்கள் பேத்தியுடன் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டக் கற்கிறேன். பெற்றோரும் சேர்ந்து கற்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் விதி. போன வாரம் சரிவில் ஒரு கல்லையே பார்த்துக்கொண்டு போய், நேராக அதன் மேலேயே ஏற்றிக் குப்புற விழுந்தேன். "கல்லப் பாக்காதம்மா, போற வழியப் பாரு!" என்று கத்தினாள். எழுந்து, அதே சரிவில் மறுபடி இறங்கினேன். விழவில்லை.

"இந்த வயசுல இது தேவையா?" என்பீர்கள். பன்னிரண்டு வயதில், "வயசுக்கு வந்த பொண்ணுக்கு எதுக்கு சைக்கிள்?" என்று என் சைக்கிளைப் பூட்டினீர்கள். எந்த வயசுதான்ப்பா சரி?

தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். இவள்தான் முதுகில் தேய்த்துவிடுகிறாள். பிஞ்சுக் கை, அம்மா கையின் அழுத்தம் வரவில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகள் குவிந்திருக்கும், வேலைக்குக் கிளம்புகிறேன். அண்ணன் மகளின் சைக்கிளையும் பூட்டிவிட்டீர்களாம், அண்ணி சொன்னாள். சாவியை அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால், லீவுக்கு வரும்போது உங்கள் கண் முன்னாலேயே பூட்டை உடைப்பேன்.

உங்கள் மகள்