வாசற்படியில் நின்று உப்பு சொன்னவளுக்கு

என்னைப் பெற்ற தங்கமே, அம்மா,

உன் வேலையை வாரிசுக்குத் தருகிறார்களாம். எனக்குத்தான். சந்தோஷப்படுவாயா, வேண்டாம் கண்ணு என்பாயா? கேட்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு நீ சமையலராகச் சேர்ந்தபோது காரிமங்கலம் சந்தையில் உனக்கென்று ஒரு சேலை எடுத்தாய். அதில் கரி படுவதற்குள் ஊர்த்தெருவிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். 'காலனிக்காரி ஆக்குன சோத்த எங்க புள்ளைங்க தின்னாது.' நீ வடித்த சோறு அப்படியே கிடந்தது. உதவியாளராக இருந்த ஊர்த்தெரு அக்காவை அடுப்படிக்கு ஏற்றினார்கள். உன்னைப் பாத்திரம் கழுவ விட்டார்கள். அதற்கு ஆணை ஒன்றும் போடவில்லை. எல்லாம் வாய்வார்த்தைதான்.

மண் கெட்டால் தரமிழந்தது என்கிறார்கள். போலீஸ்காரர் தப்பு செய்தால் பதவியிறக்கம் என்கிறார்கள். ஒரு தப்பும் செய்யாத உனக்கு நடந்ததற்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை. "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றார் சத்துணவு அமைப்பாளர். நீ வீட்டுக்கு வந்து, "எறக்கிட்டாங்க கண்ணு" என்றாய்.

அதோடு விட்டார்களா? அந்த அக்காவுக்கு அத்தனை பேருக்கு ஆக்கிப் பழக்கமில்லை. சோறு குழைந்தது, குழம்பு கரித்தது. அப்புறம் உன்னைச் சமையலறை வாசற்படியில் நிறுத்தினார்கள். "கைய வெக்காத, வாயில சொல்லு போதும்." நீயும் வெளியே நின்று உப்பு சொன்னாய், புளி சொன்னாய். உன் கை பட்டால் தீட்டு, உன் வாய் சொன்னால் ருசியா என்று நான் கத்தினேன். நீ சிரித்தாய். "இன்னிக்குப் புள்ளைங்க ரெண்டாந்தடவ வாங்கித் தின்னுச்சுங்க கண்ணு." அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை அம்மா.

உன் சாவுக்கு அந்த அக்காவும் வந்தார். தள்ளி நின்று அழுதார். "உங்கம்மா இல்லாம கொழம்பே கூடி வர்ல கண்ணு." நிஜமான கண்ணீர்தான். நான் ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினேன். "இப்பத்தான் வூட்ல குடிச்சுட்டு வந்தேன்" என்றார். சொம்பை அப்படியே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, உன் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

போன வாரம் அமைப்பாளர் கூப்பிட்டார். "பிரச்சன வேணாம்மா. பேருக்குச் சமையலரா இரு. உங்கம்மா மாதிரி பாத்திரத்தப் பாத்துக்க."

"நான் ஆக்கத்தான் வர்றேங்க" என்றேன். திங்கட்கிழமை போகிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது. ஒரு பிள்ளைகூடத் தட்டை நீட்டாவிட்டால் என்ன செய்வேன்? நீ அன்றைக்கு அந்தச் சோற்றை என்ன செய்தாய் அம்மா? நான் ஏன் அதைக் கேட்காமலே இருந்துவிட்டேன்?

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். யாரும் வராவிட்டால் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து நான் சாப்பிடுவேன். மறுநாளும் உலை வைப்பேன். என்னை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் காரணத்தை எழுதித் தரட்டும். உன்னை எதற்காக இறக்கினார்கள் என்பதை அவர்கள் கையாலேயே எழுதட்டும். அதுவரை அடுப்படியை விட்டு நகரமாட்டேன்.

உன் வயிற்றில் பிறந்த ஒரே மகள்,
செல்வி