வேலியோரம் நேராக்கிய கற்கள்

விர்லோ,
அக்டோபர் கடைசி.

அன்பு மகள் டார்காவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நாயும் சௌக்கியம், நாய் எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சௌக்கியம். உன் கடலோர ஊர்க் குளிர் எலும்புக்குள் இறங்குமாமே, மெல்லிய சட்டையோடு திரியாதே.

இங்கே ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்கு இரண்டாம் பாகம் போடுகிறார்கள். அவரவர் குடும்பத்தைப் பற்றி அவரவரே எழுதிக் கொடுப்பதால் முதல் பாகத்தில் எல்லாத் தாத்தாக்களும் உத்தமர்கள், ஒருவர்கூடக் குடித்ததில்லை. எரிவாயுக் குழாய்க்காக நான் எந்த வயலைத் தோண்டினாலும் காலிப் புட்டியாக வருகிறது, குடித்தது மாடுகளாக இருக்கும்.

இதற்கு நடுவில் ஸ்டெஃப்கா அத்தை கூப்பிட்டார். கிட்னி இரண்டும் போய்விட்டது, குளிர்காலத்தைத் தாண்டுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மூன்று வயதில் செத்துப்போன தங்கை மரூஸ்யா பக்கத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும், மண் உறைவதற்குள் இடம் பார்த்துவை என்றார். பார்க்க என்ன இருக்கிறது, கல்லறைத் தோட்டத்து வேலியோரம்தான் அவளுடைய வெள்ளைக் கல் நிற்கிறதே என்றேன். அப்புறம்தான் விஷயத்தைக் கக்கினார். அந்தக் காலத்தில் பெயர் வெட்ட வசதியில்லாமல் வயலில் பொறுக்கிய கல்லைத்தான் தலைமாட்டில் நட்டார்கள். அவை கோணல்மாணலாகக் கிடந்து புல்வெட்டும் மெஷினின் கத்தியை உடைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. கல்லறைக் குழுவுக்குத் தலைவியாக இருந்த அத்தை எல்லாவற்றையும் பிடுங்கி வேலியோரம் ஒரே வரிசையாக நட வைத்துவிட்டார். ஒவ்வொரு ஈஸ்டருக்குப் பிறகும் பாதிரியாரைக் கூட்டிப் போய், செத்தவர்களுக்கென்று நாம் முட்டை வைத்தது வெறும் புல்லுக்கு. ஒரு வரைபடம் போட்டுவைக்க ஊரில் பென்சிலே இல்லையா என்று கத்திவிட்டேன். "புதைச்சவங்க எல்லாரும் உயிரோடதானேடா இருந்தாங்க, யாரு எங்கேன்னு அவங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டேன். இப்ப அவங்களும் உள்ள போயிட்டாங்க" என்றார்.

சனிக்கிழமை, மண்ணுக்கடியில் இருப்பதைக் காட்டும், வேலைக்கு வைத்திருக்கும் ராடார் வண்டியைக் கல்லறைத் தோட்டத்தில் தள்ளிப் பார்த்தேன். அத்தை காரைவிட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டு மேற்பார்வை பார்த்தார், நான் தள்ளுவது சரியில்லையாம். வேலியோரம் ஒன்றுமே இல்லை. லைலாக் பூப்புதர்ப் பக்கம் மட்டும் குழந்தை அளவில் இரண்டு சின்னக் குழிகள் அடுத்தடுத்துத் தெரிந்தன. எது மரூஸ்யா என்று கருவி சொல்லாது, ஆறுதலுக்காக ஒன்றைக் காட்டிவிட எனக்கும் வராது. நடுவில் சவப்பெட்டி இறங்காது, ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லுங்கள் என்றேன். பிணத்தை எரிப்பது பாவம் என்று பாதி ஊரோடு சண்டை போட்டவர் அத்தை, உனக்கே தெரியும். அவரே புதரைக் காட்டிச் சொன்னார்:

"அப்ப என்னை எரிச்சு, டப்பாவுல போட்டு நடுவுல வைடா. ஒண்ணு நம்ம மரூஸ்யா. இன்னொண்ணும் யாரோ பெத்த குழந்தைதானே, அதுக்கும் பக்கத்துல ஆள் வேணும்."

நடுவில் ஒரு இரும்பு முளை அடித்துவிட்டு வந்தேன். புத்தகத்துக்கு நம் குடும்பப் பக்கத்தை நீதான் எழுத வேண்டும், கல் பிடுங்கிய கதையை மறைக்காமல் எழுது, அத்தையே சொல்லிவிட்டார்.

நீ நன்றாகப் படித்து, நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். அத்தைக்குப் போன் செய், உடம்பு எப்படி என்று கேட்காதே, வழக்கம்போலச் சண்டை போடு. கிறிஸ்துமஸ் லீவு வரட்டும் என்று இருக்காதே, நவம்பரிலேயே வா, டிக்கெட் நான் போடுகிறேன்.

உன் அப்பா
ஓரெஸ்ட்